படுக்கையில் இருப்பவருக்கு எந்த மெத்தை?

(மாதாந்த ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலர், எழுந்து நடமாட முடியாத அம்மாவையோ அப்பாவையோ, காயப்பட்ட கணவரையோ தந்த அறைக்குள் வைத்துப் பராமரிக்கிறீர்கள். அறையில் கிடந்த மெத்தையிலேயே அவரைக் கிடத்தியிருப்பீர்கள். "வந்த இடத்தில இதையும் போய்க் கேட்கிறதோ?" என்று தயங்குவீர்கள். தயங்காதேங்கோ. அதைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போறன்.

படுக்கைப்புண் ஏன் வருகுது? முதுகின் அடிப்பக்கம், இடுப்பு, குதிக்கால், முழங்கை, பின்தலை ஆகிய இடங்களில் எலும்பு தோலுக்குக் கிட்ட இருக்கிறது. ஒரே பக்கமாகக் கிடந்தால் உடம்பின் பாரம் அங்கே அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். சில மணித்தியாலத்திலேயே தோல் பழுதாகத் தொடங்கலாம். ஆறுவதற்கோ மாதக்கணக்கு எடுக்கும். கிருமி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

தோல் சிவந்தால் கவனிக்கச் சொல்லுவார்கள். எங்கட நிறத்தில் சிவப்பு இலேசில் தெரியாது. ஊதாவாக அல்லது நீலமாகத் தெரியலாம். விரலால் அழுத்திப் பாருங்கோ. நிறம் மாறாமல் நின்றால், அந்த இடம் சூடாகவோ கல்லுப்போலவோ பஞ்சுபோலவோ இருந்தால், அன்றைக்கே தாதிக்குச் சொல்லுங்கோ.

இதைத் தடுக்க உதவுவதுதான் நோயாளிகளுக்கான விசேட ஃபோம் மெத்தை. உடம்பு அதில் அளவாகப் புதைவதால் பாரம் ஓரிடத்தில் நிற்காமல் பரவுகிறது. மேலுறை இழுபடும், ஈரம் உள்ளே போகாது. அதன்மேல் மடித்த போர்வையோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டால் மெத்தையின் பயன் போய்விடும். தளர்வாக ஒரு விரிப்பு போதும். முஷ்டியால் அமத்தும்போது கட்டில் பலகை கையில் தட்டுப்பட்டால் மெத்தை தேய்ந்துவிட்டது. மாற்றித் தரும்படி கேளுங்கோ.

எப்படிப் பெறுவது? முதலில் ஜீ.பி வைத்தியரிடம் பதியுங்கள். பதிவதற்கு விசாவோ விலாச அத்தாட்சியோ கட்டாயம் இல்லை. பிறகு, மாவட்டத் தாதி வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். படுக்கைப்புண் வரும் ஆபத்து கூடியவர்களுக்கு, வீட்டில் இருந்தாலும், உயர்தர ஃபோம் மெத்தை கொடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2014இல் வெளியிட்ட வழிகாட்டல் சொல்கிறது. தாதி மதிப்பிட்டுத் தேவை என்று கண்டால் மெத்தை இரவலாக வரும். காசு இல்லை. ஆகவே தாதியைக் கேட்காமல் கைக்காசைக் கொடுத்துக் கடையில் வாங்காதேங்கோ. ஆங்கிலம் தெரியாட்டில் "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும்" என்று கேளுங்கோ, அதுவும் இலவசம். பிள்ளைகளை இடையில் நிறுத்த வேண்டாம்.

"கேட்டால் கேசுக்குப் பாதிப்பு வருமோ?" என்று சிலர் பயப்படுகிறீர்கள். வைத்திய உதவி கேட்டது உங்கள் அகதி விண்ணப்பத்தை மறுக்க ஒரு காரணம் ஆகாது. முடிவுக்காகக் காத்திருப்பவருக்கு என்.எச்.எஸ் வைத்தியம் இலவசம்.

ஆனால் மெத்தை வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாதேங்கோ. ஆபத்து உள்ளவரை ஆகக் குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும், ஆபத்து கூடியவரை 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இரவிலும்தான். சிலருக்கு இன்னும் அடிக்கடி தேவைப்படும், தாதி சொல்லுவார். இழுக்கக் கூடாது, தோல் உரஞ்சுப்படும். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணி வைத்தால் குதிக்கால் மெத்தையில் முட்டாது. எங்கட ஆக்கள் அன்போடு எண்ணெய் போட்டுத் தேய்ப்பார்கள். அழுத்தம் பட்ட இடத்தைத் தேய்த்தால் அது இன்னும் பழுதாகும். தேய்க்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. ஹோம் ஒபீஸ் உங்களை வேறு ஊருக்கு மாற்றலாம். கடிதம் வந்த அன்றே தாதிக்கும், வீடு தருகிற நிறுவனத்துக்கும், எங்களுக்கும் அறிவியுங்கள். இரவல் மெத்தையைத் தாதியைக் கேட்காமல் கொண்டு போகவோ விட்டுப் போகவோ வேண்டாம். போகிற ஊரிலும் முதல் நாளிலேயே மெத்தை வேணும். ஒரு இரவு என்றாலும் வெறும் கட்டிலில் கிடத்தக் கூடாது.

கேட்பது பிச்சை இல்லை, நோயாளிக்குரிய உரிமை.