கால் சுற்று போதும்



பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்குகிறது. பழுது பார்க்கும் கடை இல்லாத ஊரில் சக்கரம் கோணினால், பிள்ளையின் வருகையும் தடைபடுகிறது. அதனால் சக்கரம் கோக்க வீட்டிலேயே பழகினேன்.

36 ஸ்போக்ஸ் கம்பி உள்ள சக்கரத்தில், ஹப்பின் ஒரு பக்கத்துக்கு 18. அவற்றுள் 9 முன்னோக்கியும் 9 பின்னோக்கியும் சாயும். பெரும்பாலும் ஒவ்வொரு கம்பியும் எதிராகச் சாய்ந்த மூன்று கம்பிகளைக் கடந்தே ரிம்மைச் சேரும். இத்தனை மெல்லிய கம்பிகள் நம் எடையைத் தாங்குவது இழுவிசையால்தான்.

கோத்த பின் கோட்டம் எடுக்க வேண்டும். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பிரேக் கட்டையை அளவாக வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் இடப்பக்கம் உரசினால், அவ்விடத்து வலக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கி, இடக் கம்பிகளைக் கால் சுற்று தளர்த்துங்கள். ஒரே கம்பியை முழுவதும் முறுக்கினால் ரிம் வேறு விதமாகக் கோணும். முடிவில் விரலால் சுண்டினால், ஒரு பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே ஒலி தர வேண்டும்.

விசைகளின் சமநிலையை இதைவிடத் தெளிவாகக் கரும்பலகையில் காட்ட முடியாது. நிப்பிள் திருகும் சாவி ஒன்று பள்ளியில் இருக்கட்டும். மாணவிகள் கையிலும் அதைக் கொடுப்போம். கோட்டம் எடுக்கத் தெரிந்த பிள்ளை, சக்கரம் கோணிய மறுநாளும் வகுப்பில் இருக்கும்.