மலையக மாணவரும் ரோபோப் போட்டியும்

இலங்கையின் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் விந்தையான பொறியொன்று உண்டு. சரிந்து விழும் தேயிலையிடையே தண்டைக் கண்டதும், அது காற்றை ஊதி அதனை விலக்கிவிடும். காணல், தீர்மானித்தல், செயற்படல் என்னும் இம்மூன்றுமே ரோபோவின் இலக்கணமாம்.

2004ஆம் ஆண்டு தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாட்டில் மாணவர் பயில்வதும் இதுவே. இருவர் மூவராகக் கூடிப் பொறியை அமைத்து, அதற்குரிய கட்டளைகளையும் எழுதுகின்றனர். ஓட்டம் தொடங்கிய பின்னர் அது தானே இயங்குதல் வேண்டும். தவறினால், பிழையைத் தேடித் திருத்துவதே பாடம்.

ஹற்றன், நுவரெலியாத் தோட்டப் பிள்ளைகளுக்குப் பொறியோசை புதிதன்று. அதனை ஆக்கும் வாய்ப்புத்தான் அரிது. சிறு கருவிப்பெட்டி, மாலையிலும் திறந்திருக்கும் வகுப்பறை, பொறுமைமிக்க ஆசிரியர் ஆகியன கிட்டின், பெற்றோர் இயக்கிய பொறிகளைப் பிள்ளைகள் படைப்பர் அன்றோ?