முகம் பாதி, அன்பு முழுசு

2012 மார்ச் மாதம். இஸ்ரேலும் ஈரானும் எந்த நேரமும் மோதிக்கொள்ளலாம் என்று உலகமே பேசிக்கொண்டிருந்தது. அப்போது ரோனி எட்ரி என்ற இஸ்ரேலிய வரைகலைஞர், மகளோடு எடுத்த படம் ஒன்றை முகநூலில் போட்டார். மகள் கையில் சின்னக் கொடி. கூடவே ஈரானியருக்கு ஒரு சேதி: உங்கள் நாட்டின் மேல் நாங்கள் ஒருநாளும் குண்டு போடமாட்டோம், உங்களை நேசிக்கிறோம்.

சீக்கிரமே ஈரானிலிருந்து பதில் படங்கள் வந்தன. என் மனசைத் தொட்டது அவைதான். சிலர் முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றார்கள். இஸ்ரேல் மண்ணுக்குப் போகவே கூடாது என்று அவர்களுடைய பாஸ்போர்ட்டில் அச்சடித்திருக்கிறது. அன்பைச் சொல்லவும் அத்தனை பயம்! ஆனாலும் சொன்னார்கள். இரு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்துகொண்டார்கள்.

2025 ஜூனில் போர் வந்தே விட்டது. 12 நாள் குண்டு விழுந்தது. படங்களால் அதைத் தடுக்க முடியவில்லை, உண்மைதான். ஆனால் எதிரே இருப்பவருக்கும் ஒரு முகம் உண்டு என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஒரு முயற்சி உங்களிடம் வந்தால் தயங்காமல் சேருங்கள். உங்கள் படம், உங்கள் சொந்த வரி போதும். அடுத்தவர் படத்தை மட்டும் அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.