வட்டின் மறுமொழி நேரம்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர் ஊருக்குப் பயணச்சீட்டுப் பதிவதும் பணம் அனுப்புவதும் இன்று பெரும்பாலும் கணிப்பொறி வழியாகவே. பல கணிப்பொறிகள் ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களும் உண்டு. கேட்டது வந்து சேரும்வரை கழியும் காலத்தை மறுமொழி நேரம் என்கிறோம். மொழிபெயர்ப்பாளராகிய நாம் இச்சொல்லைப் பலமுறை எழுதியிருக்கிறோம், அளப்பதுதான் கடினம்.

1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட வட்டு இயந்திரத்தில், படிக்கும் முனை உரிய இடத்தை அடையச் சராசரியாக 600 மில்லிவினாடி ஆயிற்று. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி, வேண்டிய பகுதி முனையின்கீழ் வரச் சராசரியாக அதில் பாதி காத்திருத்தல் வேண்டும். முனை நகரும் நேரம் வேறு.

இது வட்டின் பங்கு. பகிர்வில் வரிசையும் சேர்கிறது. சேமிப்பகத்தின் வாயிலில் அளந்தவர் 2 மில்லிவினாடி என்பார். கேட்ட கணிப்பொறியில் அளந்தவர் 40 என்பார். இருவர் கூற்றும் மெய்யாகலாம். எஞ்சிய 38-உம் கணிப்பொறியின் வரிசையிலோ இடைவழியிலோ கழிந்திருக்கும். இதை ஆராயாது புதிய வட்டுகள் வாங்குவோர் உளர். பொருள் செலவாகும், தாமதம் குறையாது.

சராசரியையும் நம்பிவிடலாகாது. 99 வேண்டுகோள்கள் 1 மில்லிவினாடியில் முடிந்து, ஒன்று மட்டும் 500 எடுத்துக்கொண்டால், சராசரி ஏறத்தாழ 6. ஏட்டில் அழகான எண்தான். அந்த நூறாவது ஆளிடம் சொல்லிப் பாருங்கள்! ஆதலின், மெதுவானவற்றைத் தனியே எண்ணுதல் வேண்டும். அளவையும் நெருக்கடி வேளையிலேயே எடுத்தல் வேண்டும். குளிர்சாதனப் பெட்டிகளுக்குத் தட்கல் பதிவு தொடங்கும் காலை 10 மணியின் நெரிசலை நள்ளிரவில் அளந்து அறிய இயலாது.