மூளைப் படமும் கிணற்றடியும்

 

எண்ணச் சுழற்சி நோயை (OCD) ஆராயும் இக்கருத்தரங்கில் மூளை பற்றிய கட்டுரைகளே மிகுதி. தலைமை இருக்கை தந்துவிட்டீர்கள்; கொஞ்சம் முரண்டுபிடிக்க அனுமதியுங்கள்.

முதலில் மூளையைப் பார்ப்போம். கண்குழிகளுக்கு மேலுள்ள முன்மூளைப் புறணி, "ஏதோ பிழை" என்று எச்சரிக்கும். அச்செய்தி ஆழத்திலுள்ள கோடேற் உட்கருவுக்குப் போய், தலமஸ் வழியாகப் புறணிக்கே திரும்பும். இந்நோயில் அந்தச் சுற்று ஓய்வதில்லை. இவற்றுள் அந்தப் புறணியும் கோடேற்றும் குளுக்கோசைக் கூடுதலாகச் செலவழிப்பதை மனநல மருத்துவர் லூயிஸ் பக்ஸ்டர் குழுவினர் 1987இல் லொஸ் ஏஞ்சலிசில் காட்டினர். பல நாட்டுப் படங்களை ஒன்றுசேர்த்த எனிக்மா ஆய்வு, வயதுவந்த நோயாளரிடம் ஹிப்போகாம்பஸ் சற்றுச் சிறுத்திருப்பதாக 2017இல் சொன்னது. இவையெல்லாம் கூட்டுச் சராசரிகள். தனியொருவரின் ஸ்கானைப் பார்த்து இந்நோய் உண்டா இல்லையா என்று எவராலும் சொல்ல முடியாது. கடன்பட்டாவது ஸ்கான் எடுக்கத் துடிக்கும் குடும்பங்களுக்கு இதைச் சொல்வது நம் கடமை.

எண்ணத்துக்கு வருவோம். இலங்கையரான உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் ஸ்ரான்லி ரக்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நோயற்றவர்களிலும் ஏறத்தாழ 80 வீதமானோருக்கு இதே வகை எண்ணங்கள் வந்துபோவது தெரிந்தது. கைக்குழந்தைக்கு ஏதும் செய்துவிடுவேனோ, சாமிக்கு முன்னால் கெட்ட நினைப்பு வருகிறதே என்பதெல்லாம் எவருக்கும் வரக்கூடியவை. "நினைத்ததே குற்றம், தடுக்காவிட்டால் பழி என்மேல்" என்று அதற்குப் பொறுப்பேற்கும்போதுதான் நோய் பிடிக்கிறது. அச்சத்துக்கான பொருளை நோய் சூழலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். ஒரு வீட்டில் துடக்கு, அதாவது தீட்டு. காத்தான்குடியில் இன்னொரு வீட்டில், தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் வுளூ முடிவதேயில்லை; இந்த ஓயாத ஐயத்தை அங்கே வஸ்வாஸ் என்பார்கள். சமயத்தின் மேல் பழி போடுவது சோம்பேறித்தனமான விளக்கம். அயல்வீட்டாரும் அதே துடக்கைக் காத்து, அதே வுளூவைச் செய்து, நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

வீட்டாரையும் பார்க்கவேண்டும். "அம்மா, கை சுத்தமா?" என்று மகள் கேட்கிறாள். "சுத்தம்தான் மகள்" என்கிறார் தாய். கொஞ்ச நேரம் ஆறுதல். பிறகு அதே கேள்வி. கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக் கொடுக்கும் தகப்பனும் அன்பினால்தான் கொடுக்கிறார். அந்த அன்பே இந்தச் சுற்றுக்குத் தீனியாகிறது.

இந்தச் சுற்றை அறுக்கும் வழியை உளவியலாளர் விக்டர் மேயர் 1966இலேயே லண்டனில் செய்து காட்டினார்: அஞ்சியதைத் தொடவைத்து, கழுவவிடாமல் பக்கத்தில் இருப்பது. பதற்றம் ஏறும், கழுவாமலே இறங்கும். பக்ஸ்டரின் 1992ஆம் ஆண்டு ஆய்வோ, புளுஒக்செற்றின் மருந்தால் தேறியவர்களிடமும் இத்தகைய நடத்தைச் சிகிச்சையால் தேறியவர்களிடமும் வலப்புறக் கோடேற்றின் மிகைவேகம் ஒருபோலத் தணிந்ததைக் காட்டியது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கிணற்றடியில் நடக்கும் பயிற்சி மூளைக்குள்ளும் எட்டுகிறது என்று நம்ப இடமுண்டு.

அந்தப் பயிற்சிக்கு வேண்டியவர் வீட்டுக்குப் போகக்கூடிய பணியாளர். 2004 சுனாமிக்குப் பின் வீடு வீடாகச் சென்று உட்கார்ந்து பேசப் பழகியவர்கள் இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிறார்கள். வுளூவில் ஓர் உறுப்பை மூன்று முறைக்கு மேல் கழுவத் தேவையில்லை என்று மௌலவி ஒருவர் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர்களின் வேலை பாதி இலகுவாகும். கோயில் ஐயரிடமும் துடக்கைப் பற்றி இப்படிப் பேசிவைக்கலாம்.

ஆகவே கட்டுரையாளர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: உங்கள் முடிவை வைத்துக்கொண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வீட்டுக்குப் போகும் பணியாளர் நாளைக்கு எதை மாற்றிச் செய்யவேண்டும்? பதிலோடு வாருங்கள். முதல் அமர்வைத் தொடங்கலாம்.