மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



வகுப்பறை அனுபவம் ஒன்றைப் பகிரச் சொன்னார்கள். நான் ஒரு பழைய மேசையைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் வகுப்புக்குள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி மட்டும் பாதி எழுந்து குனிந்தபடியே நிற்பாள். மூன்றாம் நாள் கடிந்துகொண்டேன். அவள் பேசவில்லை. பக்கத்தில் இருந்தவள்தான், "அவ முட்டிய எடுத்தா மேசை சாஞ்சிடும் சார்" என்றாள்.

குனிந்து பார்த்தேன். மேல்பலகையை இரும்புச் சட்டத்தோடு பிடிக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒரு பக்கத்து இரண்டும் இல்லை. காலாண்டு விடுமுறைக்கு முன்பிருந்தே அந்தப் பிள்ளை முழங்காலால் பலகையைத் தாங்கியிருக்கிறாள்.

அன்று மாலையே இரும்புக்கடைக்குப் போய், கண் மதிப்பில் 8 மி.மீ. போல்ட்டு இரண்டு வாங்கினேன். முதல் போல்ட்டு இரண்டு சுற்று சுலபமாக ஏறியது; பிறகு இறுகியது. துரு என்று நினைத்து ஸ்பானரால் அழுத்தித் திருகினேன். சட்டத்தில் பற்றவைத்திருந்த நட்டின் மரை கெட்டுப்போனது. அது என் தவறு.

மறுநாள் மிச்சமிருந்த பழைய போல்ட்டில் ஒன்றைக் கழற்றி எடுத்துப் போனேன். கடைக்காரர் கையில் வாங்கியதுமே, "இது ரெண்டரை நூல் சார், எம்எம் சேராது" என்றார். எட்டு நூல் ஓர் அங்குலம். இரண்டரை நூல் என்றால் 5/16 அங்குலம், அதாவது 7.94 மி.மீ. வெர்னியரில் வைத்தால் 8 மி.மீ. போல்ட்டுக்கும் இதற்கும் வேறுபாடு தெரிவது கடினம். வேறுபாடு மரையில் இருக்கிறது. பழைய அங்குல போல்ட்டில் ஓர் அங்குல நீளத்தில் 18 மரை, 8 மி.மீ. போல்ட்டில் ஏறத்தாழ 20. நாம் திருகு அளவி நடத்தும்போது சொல்லும் புரியிடைத் தூரம் இதுதான். அதைப் பல ஆண்டுகள் நடத்தியவன் நான்.

நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். போல்ட்டு காணாமல் போனால் அதே மேசையில் அதன் ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். புதியதையும் பழையதையும் பக்கவாட்டில் மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். இடைவெளி தெரியாமல் கவ்வினால் ஒரே மரை. நீளத்தை அறுகோணத் தலையாக இருந்தால் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். பலகைக்குள் புதையும் தட்டைத் தலையாக இருந்தால் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும். முதலில் கையாலேயே திருகுங்கள். கையால் ஏறாததை ஸ்பானரால் ஏற்றக் கூடாது. மரப்பலகை பக்கம் வாஷர் போடுங்கள். இல்லையேல் தலை மரத்துக்குள் இறங்கி மீண்டும் தளரும். அடியில் நட்டுக்கு வெளியே இரண்டு மரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் முழங்காலைக் கிழிக்கும்.

நான் கெடுத்த துளைக்கு லேத் பட்டறைக்காரர் ஒருவர் வந்து மீண்டும் மரை வெட்டித் தந்தார். போல்ட்டை விட அதற்குத்தான் செலவு அதிகம்.

அடுத்த வாரம் திருகு அளவிப் பாடத்தை அந்த இரண்டு போல்ட்டுகளை வைத்தே தொடங்கினேன். பிள்ளைகள் அளவுகோலை வைத்து மரையை எண்ணினார்கள். பிறகு வகுப்பில் எந்த மேசையில் எத்தனை போல்ட்டு இல்லை என்று தாங்களே பட்டியல் எடுத்தார்கள். திருகும் வேலையை மட்டும் நான் செய்தேன். கழிவு என்று ஒதுக்கி வராந்தாவில் போட்டிருந்த இரண்டு மேசைகளும் அப்படித்தான் வகுப்புக்குத் திரும்பின.

தளவாடப் பதிவேட்டில் "பழுது" என்று எழுதும் முன் ஒருமுறை அடியில் குனிந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த மாணவியிடம் வகுப்பின் முன்பாகவே வருத்தம் தெரிவித்தேன். திட்டியதும் வகுப்பின் முன்பாகத்தானே. இப்போது அவள் நேராக எழுந்து நிற்கிறாள்.