பரணிலிருந்து இறங்கிய கூஜா

ஏழு வாரமா ஏன் எபிசோடே வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. காரணத்தைச் சொல்லிடறேன். மழைக்காலம், வேளச்சேரி, தண்ணி தேங்கின தெரு. என் மனைவி ஸ்கூட்டரோட சறுக்கி விழுந்தா. வலது கணுக்கால் ரெண்டு இடத்துல முறிஞ்சுது. ஆபரேஷன் பண்ணி பிளேட்டும் ஸ்க்ரூவும் வெச்சாங்க. ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில ஊன்றவே கூடாது, வாக்கர் பிடிச்சு ஒத்தைக் காலால தாவித்தான் நகரணும்னு டாக்டர் சொல்லிட்டார்.

அந்த ஆறு வாரத்துல வீட்டுல இருந்த பழைய சாமான்களை நான் வேற மாதிரி பார்க்க ஆரம்பிச்சேன். அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச்சு.

பழைய பொருள்னா நமக்கு ஒரு மயக்கம் இருக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல எனாமல் தூக்கை விலை பேசி வாங்கிட்டு வந்து, அதுல மணி பிளான்ட் வைக்கிற தலைமுறை நாம. எங்க வீட்டுல ஒரு எவர்சில்வர் கூஜா, பாட்டி காலத்து ஈஸி சேர், ஒரு திண்டு, பனையோலை விசிறி எல்லாம் உண்டு. பாதி பரண்ல, பாதி இன்ஸ்டாகிராம்ல.

வாக்கர் பிடிச்சு நடக்கறவங்களைப் பார்த்திருப்பீங்க. ஒண்ணை யோசிச்சிருக்கீங்களா? ரெண்டு கையும் அதுலயே போயிடும். ஒரு டம்ளர் தண்ணியைக்கூட எடுத்துட்டுப் போக முடியாது. நம்ம காபி மக்குக்கு மூடி கிடையாது, தட்டுக்குப் பிடி கிடையாது. சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவுல பதினஞ்சு அடி. ரெண்டு காலும் நல்லா இருக்கறவங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல. அவளுக்கு அது ஒரு பயணம்.

நான் பக்கத்து ரூம்ல ஆபீஸ் மீட்டிங்ல இருப்பேன். தண்ணி வேணும்னா அவ எனக்கு மிஸ்டு கால் கொடுக்கணும். ரெண்டாவது வாரம்தான் எனக்கே தெரிஞ்சது, அவ தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுட்டான்னு. குடிச்சா பாத்ரூம் போகணும், போகணும்னா துணைக்கு என்னைக் கூப்பிடணும். "எத்தனை தடவைதான் உன்னைக் கூப்பிடறது?"ன்னா. அசையாம படுத்திருக்கிற உடம்புக்குத் தண்ணி குறையறது நல்லதே இல்ல. கட்டில் பக்கத்துல பூஜை மணியைக் கொண்டுபோய் வெச்சேன். "நான் என்ன ஜமீந்தாரா, மணி அடிச்சு ஆள் கூப்பிட?"ன்னு அதைத் திருப்பியே கொடுத்துட்டா.

கூஜாவை இறக்கச் சொன்னது அவதான். மரை போட்டுத் திருகற மூடி, தூக்க ஒரு பிடி. ரயில் பயணத்துக்குன்னே வீட்டுக்கு வீடு வெச்சிருந்த பாத்திரம் அது. காலையில நிரப்பிக் கட்டில் ஓரத்துல வெச்சா, கை தவறிச் சாய்ஞ்சாலும் மெத்தை நனையாது. அடுத்து, நான் காலேஜ் படிக்கும்போது கெத்துக்கு மாட்டின ஜோல்னாப் பை வெளியே வந்தது. அதைத் தோள்ல குறுக்கா மாட்டிக்கிட்டு, உள்ளே போன், சார்ஜர், மூடி இறுக்கமான ஒரு சின்னத் தூக்குல உப்புமா. வாக்கரோட பால்கனி வரைக்கும் தானே போய் சாப்பிட்டா. அன்னைக்கு ராத்திரி கேட்டா: "இன்னைக்கு மத்தியானம் முழுக்க உன்னைக் கூப்பிடவே இல்ல, கவனிச்சியா?"

கவனிச்சிருந்தேன். சந்தோஷமா இருந்தது. உண்மையைச் சொல்லணும்னா, கொஞ்சம் உறுத்தவும் செஞ்சது. பார்த்துக்கிறவங்களுக்கு, தன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கறதுல ஒரு சின்னப் பெருமை வந்துடுது. இதை யாரும் சொல்லிக்கிறதில்ல.

எல்லாப் பழசும் இப்படிக் கைகொடுக்கலை. ஈஸி சேர் பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனா துணி தாழத் தொங்கும். ஒத்தைக் காலால அதுல இருந்து எழுந்திருக்கிறது நடக்காத காரியம். அந்தக் காலத்துல தாத்தா எழுந்திருக்கணும்னா கை கொடுக்க வீட்டுல பத்துப் பேர் இருந்தாங்க. அந்த நாற்காலி அவங்களை நம்பிச் செஞ்சது. எங்க ஃப்ளாட்ல ரெண்டே பேர், அதுல ஒருத்தர் மீட்டிங்ல.

திண்டு மட்டும் தங்கம். காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல தூக்கி வெச்சாத்தான் வீக்கம் வடியும். ஃபோம் தலையணை அரை மணியில அமுங்கிடும். இறுக்கமா அடைச்ச இலவம்பஞ்சுத் திண்டு காலையில வரைக்கும் அப்படியே நிக்கும். விசிறியும் உதவிச்சு, கரண்ட் போன ராத்திரியில. ஆனா கட்டுக்குள்ள அரிக்கும்போதெல்லாம் அதோட காம்பை அவ ஒரு பார்வை பார்ப்பா. அதை எடுத்து ஒளிச்சு வெச்சேன். கட்டுக்குள்ள எதையும் விட்டுச் சொறியக் கூடாது; தோல் கிழிஞ்சா புண்ணாகி சீழ் பிடிக்கும்.

சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து, திருத்தணி தாண்டிப் புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாமேன்னாங்க. அவங்க அக்கறை புரியுது. அந்தக் கட்டுப் போட்டுக்கிட்டு வந்தவங்க எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தர் உண்டு. ஆனா மூட்டுல எலும்பு விலகியிருக்கும்போது, எக்ஸ்-ரே பார்த்து எலும்பு டாக்டர் சொல்றதைத்தான் கேட்கணும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. பழசு மேல இருக்கிற பாசத்தைக் காட்டற இடம் அது இல்ல. சொல்லப்போனா ஆஸ்பத்திரி மாவுக்கட்டே பழைய சரக்குதான். டச்சு ராணுவ டாக்டர் அந்தோனியஸ் மத்தைசன் அந்த முறையை 1852ல வெளியிட்டார்.

வீட்டுல யாருக்காவது கட்டுப் போட்டிருந்தா ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. விரல் நீலமாச்சுன்னா, மரத்துப்போச்சுன்னா, வலி தாங்க முடியலைன்னா, இல்ல கெண்டைக்கால் வீங்கி வலிச்சுதுன்னா, காலையில பார்க்கலாம்னு இருக்காதீங்க. உடனே கிளம்புங்க. திடீர்னு மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்.

போன வாரம் காலை ஊன்ற அனுமதி கிடைச்சுது. இப்போ படிக்கட்டுப் பழகறா. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது அடிபட்ட கால் முதல்ல. நான் ஒரு படி கீழே நிக்கறேன், கை நீட்டாம. கை நீட்டினா திட்டு விழுது.

கூஜா இன்னும் கட்டில் பக்கத்துலதான் இருக்கு. ஆறு வாரம் திருகித் திருகி மூடியோட மரை தேஞ்சு, லேசா கசியுது. சென்னையில இதைச் சரிபண்ணித் தர்ற ஆள் யாரையாவது தெரிஞ்சா மெயில் போடுங்க.